ராமநாதபுரம் கடலோரச் சைக்கிள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியில் ஆரம்பித்து தனுஷ்கோடி வரை போய், திரும்பி கீழக்கரை, ஏர்வாடி வழியாக மூக்கையூரில் முடிகிற ஆறு நாள் சைக்கிள் பயணம் இது. கூடவே ஓட்டிவர வழிகாட்டி உண்டு, சாமான்களை ஏற்றிப் பின்னால் வர ஒரு வேன் உண்டு. காலையில் ஓட்டம், அப்புறம் அந்தந்த ஊர்ச் சாப்பாடு. வர நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

ஏன் ஜனவரி முதல் மார்ச் வரை மட்டும் நடத்துகிறீர்கள்?

காற்றுதான் காரணம். இந்தக் கரையில் மீனவரைக் கேட்டாலும் சரி, சைக்கிள்காரரைக் கேட்டாலும் சரி, முதலில் காற்றைப் பற்றித்தான் பேசுவார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் காலம். ஜூன் பிறந்தால் கச்சான் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். ஏப்ரல், மே வெயிலில் காலை ஒன்பது மணிக்கு மேல் தார்ச்சாலையில் யாரையும் ஓட்டச் சொல்ல எங்களுக்கு மனசு வராது. போதாததற்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது நாட்டுப்படகு மீன் மட்டும்தான் கரைக்கு வரும்.

தை, மாசி மாதங்களில் வாடைக்காற்று தணிந்து வடகிழக்கிலிருந்து சீராக வீசும். அதனால்தான் வடக்கே தொண்டியில் தொடங்குகிறோம். காற்று முதுகைத் தள்ளிக்கொடுக்கும். மண்டபம் நோக்கிக் கிழக்கே திரும்புகிற நாளில் மட்டும் அதே காற்று எதிரில் நிற்கும். அன்றைக்குக் கிளம்பும் நேரத்தை இன்னும் முன்னால் தள்ளிவிடுவோம்.

இந்த மூன்று மாதத்தில் எது சிறந்தது?

எதைச் சாப்பிட ஆசை என்று சொல்லுங்கள். ஜனவரியில் வந்தால் பொங்கல் பனங்கிழங்கு கிடைக்கும், தனுஷ்கோடிப் பக்கம் பூநாரைகளும் இருக்கும். பிப்ரவரிக் கடைசியிலிருந்து பதநீர் மெல்ல இறங்க ஆரம்பிக்கும். மார்ச்சில் பதநீரும் உண்டு, முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் குண்டு மிளகாய் அறுவடையும் நடக்கும். களத்திலும் சாலையோரத்திலும் மிளகாய் சிவப்பாகக் காய்ந்து கிடக்கும். ஆனால் மார்ச் வெயில் பிப்ரவரியைவிடக் கடுமை. ஒன்றைத்தான் சொல்லவேண்டும் என்றால், பிப்ரவரிக் கடைசி வாரத்தைச் சொல்வேன்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம்? நான் பெரிய சைக்கிள்காரன் இல்லையே?

முதல் நாள் தொண்டியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பூர், திருப்பாலைக்குடி வழியாகத் தேவிபட்டினம், சுமார் 35 கிலோமீட்டர். உப்பூர்ப் பிள்ளையாரைக் கும்பிட்டு ஒரு டீ, தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்கள், அத்தோடு அன்றைய வேலை முடிந்தது.

இரண்டாம் நாள்தான் நீளமானது. ராமநாதபுரம், அழகன்குளம், உச்சிப்புளி வழியாக மண்டபம், சுமார் 60 கிலோமீட்டர். மூன்றாம் நாள் பாம்பன் பாலத்தைத் தாண்டி ராமேஸ்வரம், 20 கிலோமீட்டர்தான். நான்காம் நாள் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை போய்த் திரும்புவது, 40 வரும். ஐந்தாம் நாள் ஏற்கெனவே ஓட்டிய சாலையை வேனில் கடந்து, உச்சிப்புளியில் இறங்கி, பெரியபட்டினம், திருப்புல்லாணி, சேதுக்கரை என்று உள்சாலைகளில் கீழக்கரை. ஆறாம் நாள் ஏர்வாடி, சாயல்குடி வழியாக மூக்கையூர்.

மாவட்டம் முழுக்கத் தட்டை. பாம்பன் பாலத்தின் ஏற்றத்தை விட்டால் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. வருவதற்கு முந்தைய மாதம் வாரத்தில் நான்கு நாள் ஒரு மணி நேரம் மிதித்துப் பழகியிருந்தால் போதும். இடையில் முடியவில்லை என்றால் வேனில் ஏறிக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

வெளிநாடுகளில் இப்படிப்பட்ட பயணங்களில் வைன் சுவைப்பதும் சேர்ந்திருக்குமே, இங்கே?

பிரான்ஸ், இத்தாலிப் பக்கம் கடலோரச் சைக்கிள் பயணம் என்றால் மாலையில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் போய் இறங்குவது வழக்கம். அதைப் படித்துவிட்டுத்தான் பலர் இதைக் கேட்கிறார்கள். இந்தக் கரையில் திராட்சை விளையாது. தமிழ்நாட்டில் திராட்சைக்குப் பேர்போனது தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கு, இங்கிருந்து ரொம்ப தூரம். எங்கள் பயணத்தில் மது எதுவும் கிடையாது. ஓட்டம் முடிந்த பிறகு தங்குமிடத்தில் தனியாக என்ன செய்கிறீர்கள் என்பது உங்கள் விருப்பம். ஆனால் ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி மூன்றிலும் ஊரின் மரியாதை என்று ஒன்று இருக்கிறது. அதைக் காக்கும்படி எல்லோரிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறோம்.

ஆனால் வைன் என்ற பேச்சு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. இரண்டாம் நாள் வழியில் வைகை முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் அழகன்குளம் வருகிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1980களில் தொடங்கிப் பல கட்டங்களாக அங்கே அகழாய்வு செய்தது. ரோமானியக் காசுகள், உருளைக் கருவியால் கோலம் பதித்த ரௌலட்டட் பானை ஓடுகள், ஒரு ஓட்டில் கீறிய கப்பல் உருவம், இவற்றோடு ஆம்போரா ஜாடித் துண்டுகளும் கிடைத்தன. மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வைனும் ஆலிவ் எண்ணெயும் கப்பலேறி வந்தது அந்தக் கூர் அடி ஜாடிகளில்தான். யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் குடித்ததைச் சங்கப் புலவர் நக்கீரர் பாடியிருக்கிறார். அந்தத் தேறல் வந்து இறங்கிய பாண்டியக் கரை இது. இன்று போனால் பிரமாதமாகப் பார்க்க எதுவும் இருக்காது. ஆனாலும் அங்கே சைக்கிளை நிறுத்தி இந்தக் கதையைச் சொல்லாமல் நாங்கள் கடப்பதில்லை.

சரி, கள்ளாவது கிடைக்குமா?

கிடைக்காது. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கவும் விற்கவும் தடை இருக்கிறது. வழியில் யாராவது ரகசியமாகத் தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள். மாட்டினால் உங்களைவிட அந்தப் பனையேறிக்குத்தான் கஷ்டம்.

அப்படியென்றால் குடிக்க என்னதான் இருக்கிறது?

பதநீர். இந்தப் பயணத்தை நாங்கள் நடத்துவதற்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால், கடைசி நாள் விடியற்காலையைத்தான் சொல்வேன்.

சாயல்குடிப் பக்கம் பனங்காடு தொடங்கும். வெளிச்சம் வருவதற்கு முன்பே போய்விடவேண்டும். இடுப்பில் அரிவாள் பெட்டி, காலில் நார் வளையம், அவ்வளவுதான் பனையேறியின் கருவி. ஏறும்போது மார்பு மரத்தில் உரசும். அந்த இடத்தில் தோல் காய்த்துப் போயிருப்பதைக் கீழே இறங்கியதும் பார்க்கலாம். மேலே போய்ப் பாளையின் நுனியை மெல்லிய சீவலாக ஒரு சீவு சீவுவார். சீவாமல் விட்டால் பாளை அடைத்துக்கொள்ளும், அதனால் மழையோ காய்ச்சலோ அவர் ஏறித்தான் ஆகவேண்டும், அதுவும் காலையிலும் மாலையிலும். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு பூசியிருப்பார்கள். அந்தச் சுண்ணாம்புதான் புளிக்கவிடாமல் பிடித்துவைக்கிறது. பூசாமல் விட்டால் அதே சாறு கள்.

இறக்கின பதநீரை ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுப்பார்கள். பட்டையின் ஓரத்தில் வாய் வைத்ததும் முதலில் வருவது பச்சை ஓலை வாசம், அதற்குப் பின்னால் இனிப்பு, கடைசியில் நாக்கில் லேசாகச் சுண்ணாம்பின் உறைப்பு. ஒரு மரத்துப் பதநீர் போல இன்னொரு மரத்தது இருக்காது. கடலுக்குப் பக்கத்து மரம், உள்ளே தள்ளி நிற்கும் மரம் என்று இரண்டு கலயத்தைத் தனித்தனியாக வாங்கிக் குடித்துப் பாருங்கள், நாக்கே சொல்லிவிடும். வெயில் ஏறுவதற்குள் குடித்துவிடவேண்டும். மிச்சமெல்லாம் கருப்பட்டிக்கு.

கருப்பட்டி காய்ச்சுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். ஓலைக் கொட்டகைக்குள் அடுப்பின் முன்னால் மணிக்கணக்கில் நிற்கவேண்டும். பாகு சரியான பதத்துக்கு வந்ததா என்று பார்க்க ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டுவார்கள். உருண்டால் இறக்கிச் சிரட்டையில் ஊற்றுவார்கள். அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள், பேரம் பேசாதீர்கள். சர்க்கரை கலக்காத கருப்பட்டிக்கு அந்த விலை குறைவு என்பது அந்த அடுப்பின் முன்னால் கால் மணி நேரம் நின்றால் புரியும்.

சாப்பாடு எப்படி இருக்கும்? மெனு அனுப்ப முடியுமா?

மெனு அனுப்ப முடியாது. அன்றைக்குக் கரைக்கு என்ன வருகிறதோ அதுதான் சாப்பாடு. இதைச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது, ஆனால் இந்தக் கடலில் வேறு மாதிரி நடத்தினால் ஐஸ்பெட்டி மீனைத்தான் கொடுக்கவேண்டி வரும்.

ராமேஸ்வரம் பக்கத்து மீனவர்கள் வடக்கே உள்ள பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஒரு பக்கம் கொந்தளித்தால் மறுபக்கம் அடங்கிக் கிடக்கும். இரண்டிலும் பிடிபடுவது வேறு வேறு. முதல் இரண்டு நாள் பெண் கடல் ஓரம். சேறு கலந்த ஆழமில்லாத கடல், நண்டுக்கும் இறாலுக்கும் பேர்போனது. நீலக்கால் நண்டை மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு ரசம் வைத்துக் கொடுப்பார்கள். சைக்கிள் ஓட்டிக் களைத்து வந்தவருக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. பாம்பனுக்குத் தெற்கே வந்தால் பாறை மீன், விளமீன், கணவாய். மண் சட்டியில் புளி கரைத்து, குண்டு மிளகாய் அரைத்து வைத்த குழம்பு. காலையில் பழைய சோறும் சுட்ட கருவாடும் கேட்பவர்களுக்கு அதுவும் உண்டு.

கீழக்கரைக்கு வந்ததும் சமையல் வேறாகிவிடும். தேங்காய்ப்பாலும் நெய்யும் கருப்பட்டியும் ஆளும் ஊர் அது. கறிக்குழம்பில் அரிசிமாவுக் கொழுக்கட்டை வெந்த தக்கடி, நெய்ச்சோறு, வட்டலப்பம், அப்புறம் தொதல். தேங்காய்ப்பாலும் மாவும் கருப்பட்டியும் சேர்த்து, எண்ணெய் பிரிந்து வரும்வரை கை ஓயாமல் கிண்டவேண்டிய பண்டம் தொதல். நல்ல தொதலைக் கத்தியால் வெட்டினால் கத்தியில் ஒட்டாது. ஒரு துண்டுக்கு மேல் சாப்பிட்டுவிட்டு மறுநாள் சைக்கிள் ஏற நினைக்காதீர்கள்.

ரமலான் மாதத்தில் வந்தால்?

அண்மை ஆண்டுகளில் நோன்பு மாதம் பிப்ரவரி, மார்ச்சில்தான் விழுகிறது. கீழக்கரையில் அப்போது பகலில் சாப்பாட்டுக் கடைகளை எதிர்பார்க்கக் கூடாது. மதிய உணவைத் திருப்புல்லாணியிலேயே முடித்துக்கொண்டு வருவோம். மாலையில் நோன்புக் கஞ்சியும், கடற்பாசியில் செய்த இனிப்பும் கிடைக்கும். நோன்பாளிகள் நோன்பு திறந்த பிறகு நாம் சாப்பிடுவது என்ற ஒழுங்கை மட்டும் எல்லோரும் கடைப்பிடிக்கவேண்டும். எங்களைக் கேட்டால், கீழக்கரையைப் பார்க்க அதுவே நல்ல மாதம்.

நாங்கள் சைவம். எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ராமேஸ்வரத்தில் கோயிலைச் சுற்றிச் சைவச் சாப்பாட்டுக்குக் குறையே இல்லை. திருப்புல்லாணி ஆதிஜெகநாதப் பெருமாள் கோயில் பால் பாயசம் பேர்போனது. ராமர் தர்ப்பைப் புல்லில் படுத்த கோலம் உள்ள திவ்விய தேசம் அது, பாயசத்துக்கு முன் அதையும் பார்த்துவிடுங்கள். பதநீர், பனங்கிழங்கு, கருப்பட்டிப் பணியாரம் எல்லாம் உங்களுக்கும்தான். மீன் கிராமங்களில் மட்டும் சாம்பார், கூட்டு என்று எளிமையாக இருக்கும். பாத்திரம் தனியாக வேண்டும் என்றால் முன்பே சொல்லுங்கள்.

காரம் தாங்குமா?

குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உருண்டை, தடித்த தோல், நல்ல நிறம். பயப்படுகிற அளவு காரம் இல்லை. குழந்தைகளுக்குக் குறைத்துச் சமைக்கச் சொல்லிவிடுவோம்.

சொந்த சைக்கிள் கொண்டுவரலாமா? எது ஏற்றது?

தாராளமாக. கியர் உள்ள ஹைபிரிட் போதும். டயர் மட்டும் ஒல்லியாக இருக்கக் கூடாது, 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சைக்கிள் இல்லாதவர்களுக்கு நாங்களே வாடகைக்குத் தருகிறோம்.

இந்த மாவட்டத்தில் சைக்கிளுக்கு எதிரி இரண்டு. ஒன்று சீமைக்கருவேல முள். சாலைக்கு இரு பக்கமும் அதுதான். விறகு வண்டி போன பிறகு பாருங்கள், ஓரமெல்லாம் முள். அதனால் எங்கள் விதி ஒன்று: தாரை விட்டு மண்ணில் சைக்கிளை உருட்டக் கூடாது. இறங்க வேண்டுமானால் தூக்கிக்கொண்டு போய் வைக்கவேண்டும். டயருக்குள் முள் தடுக்கும் பட்டையும், ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவமும் போட்டு வருவது நல்லது. பஞ்சர் ஆனால் டியூப் மாற்றுவதற்கு முன் டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். முறிந்த முள் நுனி உள்ளேயே இருக்கும், அதை எடுக்காவிட்டால் புது டியூபும் அரை மணியில் போய்விடும்.

இன்னொன்று உப்பு. அரிச்சல்முனை போய் வந்த அன்று மாலையே செயினை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடவேண்டும். விட்டுவிட்டால் மறுநாள் காலை துரு தெரியும்.

பாம்பன் பாலத்தில் சைக்கிளில் போவது பயமாக இருக்குமா?

சாலைப் பாலம் 1988இல் திறந்தது, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். காற்று பக்கவாட்டில் தள்ளும். அதைவிடத் தொல்லை, படம் எடுக்க நடுவழியில் நிற்கும் கார்கள். காலை ஆறரைக்குள் கடந்துவிட்டால் இரண்டும் குறைவு. ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு ஓட்டுவோம். பாலத்தின் மேலிருந்து ரயில் பாலம் தெரியும். நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும் 2025ஆம் ஆண்டுப் பாலம் அது, அதற்கு முன் ரயில் ஓடியது கப்பலுக்காக இரண்டாகப் பிளந்து திறந்த 1914ஆம் ஆண்டுப் பாலத்தில். இறங்கிய பிறகு குந்துகாலுக்கு ஒரு நடை போவோம், 1897இல் விவேகானந்தர் வந்து இறங்கிய இடம். ராமேஸ்வரம் போகும் வழியில் பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம்.

தனுஷ்கோடியில் என்ன செய்வோம்?

விடிவதற்கு முன்பே ராமேஸ்வரத்தை விட்டுக் கிளம்புவோம். 1964 டிசம்பர் 22 இரவு புயலில் ஊர் முழுதும் போயிற்று, பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலும் அப்படியே போயிற்று. இடிந்த தேவாலயமும் ரயில் நிலையச் சுவர்களும் நிற்கின்றன. அவற்றின் மேல் ஏறுவதும், கல்லைப் பெயர்த்து எடுப்பதும் வேண்டாம். 2017இல் முனை வரை சாலை போட்ட பிறகுதான் சைக்கிளில் இதெல்லாம் சாத்தியமானது. கடைசிச் சில கிலோமீட்டர் இரு பக்கமும் கடல், நடுவில் சாலை. மணல் அடிக்கடி தாரின் மேல் ஏறிக் கிடக்கும், பிரேக்கை ஒரேயடியாகப் பிடிக்காதீர்கள்.

அங்கே இன்னும் மீனவக் குடும்பங்கள் குடிசைகளில் இருக்கிறார்கள். கடலுக்குச் சில அடி தள்ளி மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும், அதைத்தான் குடிக்கிறார்கள். ஊற்றுப் பக்கம் போனால் செருப்பைக் கழற்றிவிடுங்கள், கை கழுவாதீர்கள். காலைச் சாப்பாடு அவர்களிடம்தான், பொரித்த மீனும் சோறும். 2025இல் தனுஷ்கோடிப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்திருக்கிறது. பறவைகளை எழுப்பிவிட்டுப் படம் எடுக்கக் கூடாது. முனையில் கடலில் இறங்கவே கூடாது. இரண்டு கடலும் சேருமிடத்தில் நீரோட்டம் ஆளை இழுத்துவிடும்.

தீவுகளுக்குப் போவோமா?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் அறிவித்த கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. இந்தப் பயணத்தில் தீவு இல்லை. ஆனால் கரையில் இருந்தே பாசி எடுக்கும் பெண்களைப் பார்க்கலாம். விரல்களில் துணி சுற்றி, காலில் தகட்டைக் கட்டிக்கொண்டு, பாறைகளுக்கு நடுவே மூச்சுப் பிடித்து முங்குவார்கள். இடுப்பில் கட்டிய பை நிறைய நிறைய எழுந்து வருவார்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவர்கள் கரையேறித் தேநீர் குடிக்கும் நேரம் வரை காத்திருந்தால் அவர்களே பேச்சுக் கொடுப்பார்கள்.

பெண்கள் தனியாக வரலாமா? உடை?

வரலாம், வருகிறார்கள். குழுவில் பெண் வழிகாட்டி ஒருவர் இருப்பார். சைக்கிள் உடையின் மேல் போட்டுக்கொள்ள ஒரு தளர்ந்த சட்டையும் முழுக்கால் பேன்ட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஆண்களும்தான். ஏர்வாடி தர்காவிலும் கீழக்கரையின் பழைய கல் பள்ளிவாசல் தெருவிலும் கோயில்களிலும் அது தேவைப்படும். தர்காவில் தலைக்குத் துணி.

குழந்தைகள்?

பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் சரி. பாம்பன் பாலத்தில் மட்டும் அவர்களுக்கு வேன்தான்.

தண்ணீர்?

இது வறண்ட மாவட்டம், பல ஊரில் நிலத்தடி நீர் உப்பு. ஒவ்வொருவரும் இரண்டு லிட்டர் சுமக்கவேண்டும், வேனில் கேன் இருக்கும். தங்குமிடத்தில் ஒரு வாளியில் குளித்து முடிக்கப் பழகிக்கொள்ளுங்கள். அந்த ஊர்க்காரர்கள் குடம் சுமந்து கொண்டுவரும் தண்ணீர் அது.

எப்படி வந்து சேர்வது?

ராமநாதபுரத்துக்குச் சென்னை, மதுரையிலிருந்து ரயில் இருக்கிறது. விமானம் என்றால் மதுரை. ராமநாதபுரம் ரயில் நிலையத்திலிருந்து தொண்டிக்கு வேனில் கூட்டிப்போவோம். சைக்கிளை ரயில் பார்சலில் போடுவதானால் இரண்டு நாள் முன்பே அனுப்புங்கள். சீக்கிரம் வந்துவிட்டால் ராமலிங்க விலாசத்தில் சேதுபதி காலச் சுவரோவியங்களைப் பாருங்கள்.

டிரோன் கொண்டுவரலாமா?

வேண்டாம். இலங்கை அருகில் இருக்கும் எல்லைக் கடற்கரை இது, உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளமும் இருக்கிறது. அடையாள அட்டை எப்போதும் கையில் இருக்கட்டும், கடலோரக் காவல் படையினர் கேட்பார்கள்.

கட்டணத்தில் என்னென்ன அடக்கம்?

தங்குமிடம், மூன்று வேளைச் சாப்பாடு, வழிகாட்டி, வேன், பஞ்சர் வேலை எல்லாம் அடக்கம். சைக்கிள் வாடகையும், நீங்கள் வாங்கும் கருப்பட்டி, கருவாடு, தொதலும் தனி. பதநீர், மீன், வீட்டுச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் பணம் அன்றைக்கே, கொடுத்தவர் கையிலேயே போய்விடும். புயல் எச்சரிக்கை வந்து நாங்களே நிறுத்தினால் முழுப் பணமும் திரும்ப வரும். நீங்கள் நிறுத்துவதானால் பதினைந்து நாளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு என்றால் தங்குமிடங்களுக்குக் கொடுத்த முன்பணத்தைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புவோம்.